கட்டைத் துளைக்குள் ஒரு தோழி

போன வாரம் நான் இந்தப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பியதில் மழை முன்னாலும் கோடை பின்னாலும் வந்துவிட்டது என்று வீட்டில் படித்துவிட்டுச் சிரித்தார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கோத்து எழுதத் தெரியாது. சொல்ல வந்தது மறந்துபோகிறது, கூப்பிடாதது வந்து முன்னால் உட்கார்ந்துகொள்கிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

இந்த வாரம் ஒரு மத்தியானத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

ராட்டைக்கு முன்னால் நான் இருக்கிறேன். எதிரே கிளிப்பச்சைப் பட்டு சுற்றிக்கொண்டிருக்கிறது. கூரை ஓட்டில் பதித்த கண்ணாடிச் சில்லு வழியாக ஒரு உள்ளங்கை அளவு வெயில் தரையில் விழுந்து, யாரும் பார்க்காதபோது மட்டும் நகர்கிறது. உள்ளே தறிச் சத்தம். அப்பாவுக்குத் தூக்கம் வரும்போது சத்தம் மெதுவாகும், பிறகு வெட்கப்பட்டதுபோல வேகமாகும். எனக்கும் பாதிக் கண் மூடியிருக்கிறது. பச்சை என் கண்ணுக்குள்ளேயும் சுற்றுகிறது.

எனக்கு அப்போது பதினாலோ பதினைந்தோ. அரிசி கிடைக்காமல் வீட்டுக்கு வீடு கோதுமைக் கஞ்சி காய்ச்சிய வருஷங்கள் அவை.

என் வேலை இதுதான். சாயம் போட்டு வருகிற பட்டுச் சிட்டத்தை, அதாவது நூல் கற்றையை, பரிவட்டம் என்கிற மூங்கில் சக்கரத்தில் மாட்டி, ராட்டையைச் சுற்றி, மரக்கட்டைகளில் ஏற்ற வேண்டும். கட்டை என்றால் விறகு இல்லை. ஒரு சாண் கூட இராது, உருண்டையாக இழைத்து நடுவில் துளை போட்டது. காணாமல் போகாமல் இருக்க ஒவ்வொன்றிலும் சூடுபோட்டு ஒரு எண் வைத்திருப்பார்கள். நிறைந்த கட்டைகள் கூடையில் பாவு ஓட்டுகிற வீட்டுக்குப் போகும். அங்கே பல கட்டைகளின் நூலை ஒன்றாக இழுத்து, சேலைக்கு நெடுக ஓடுகிற நூலாக ஆக்குவார்கள். காலிக் கட்டைகள் அதே கூடையில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரும்.

அன்றைக்கு ஒரு காலிக் கட்டையை எடுத்து ராட்டைக் கதிரில் செருகினேன். போகவில்லை. துளையில் என்னவோ அடைத்துக்கொண்டிருந்தது. துடைப்பக் குச்சியால் குத்தினேன்.

சுருட்டிய காகிதம் ஒன்று மடியில் விழுந்தது. ஒரு நூலால் கட்டியிருந்தது. பிரித்தேன். பென்சில் எழுத்து.

‘உன் நூலில் முடிச்சு கையில் உறுத்தவே இல்லை. யார் நீ?’

அவ்வளவுதான். வெயில் வட்டம் என் கால் விரல் மேல் வந்து நின்றது ஞாபகம் இருக்கிறது.

ஊமைக்கு வந்த கேள்வி

நான் பேசாத பெண். பேசத் தெரியாது என்றில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் தொண்டையில் பட்டு சிக்கிக்கொண்டதுபோல ஆகிவிடும். குழாயடியில் என்னை ஊமை என்றே கூப்பிடுவார்கள். இன்னொரு பெயரும் இருந்தது, இடக்கை. நான் சாப்பிடுவதைத் தவிர மற்ற எல்லாம் இடது கையால் செய்கிறவள். சாப்பாட்டுக்கு மட்டும் அம்மா அடித்து மாற்றிவிட்டாள்.

அப்படிப்பட்டவளை ‘யார் நீ’ என்று ஒரு காகிதம் கேட்டது. அதுவரை யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் நான் யார் என்று முன்னாலேயே தெரிந்திருந்தது.

இங்கே கொஞ்சம் இந்தக் காலத்துக்கு வந்துவிட்டுப் போகிறேன். போன மாதம் என் மருமகள் கைப்பேசியில் எழுதிப் பேசுகிற வித்தையை எனக்குப் போட்டுக் கொடுத்தாள். ஒரு விரலால் எழுதினால் போதுமாம், எங்கேயோ இருக்கிறவர் உடனே படிப்பாராம். கொடுத்துவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

“அத்தை, யாருன்னு தெரியாதவங்க வந்து பேசினா பேரு, வூட்டு விலாசம் எதுவும் குடுக்காதீங்க. தனியா வாங்கன்னா போயிடாதீங்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுபது வயதுக்கு மேல் ஆனவளை எவன் தனியாகக் கூப்பிடப் போகிறான். அதற்காக மட்டும் சிரிக்கவில்லை. இதே பாடத்தை எனக்குச் சுலோசனா சொல்லிக் கொடுத்திருந்தாள், வாயில் அரை கல்கோனா மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு.

சுலோசனா போட்ட சட்டம்

சுலோசனா பக்கத்து வீடு. என்னைவிட இரண்டு வயது கூட. அவளும் ராட்டைதான், ஆனால் அவள் வாய் ராட்டையைவிட வேகம். காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இன்னாடி இடக்கை, மரக்கட்டைகூட உன்னாண்ட பேச ஆரம்பிச்சிடுச்சா?”

பதில் எழுதலாமா என்று கேட்டேன். கேட்டேன் என்றால், பார்த்தேன். அவளுக்குப் புரியும்.

அவளுக்கு ஒரு அக்கா. அந்த அக்கா வாலாஜாபாத்தில் இருந்த யாருக்கோ ஒரு கடிதம் எழுதி, அது கை மாறி, கை மாறி, கடைசியில் எங்கள் குழாயடிக்கே வந்து சேர்ந்தது. ஒருத்தி உரக்கப் படித்தாள். மற்றவர்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்கள். அதற்கப்புறம் அக்கா கல்யாணமாகிப் போகிறவரை குழாயடிக்கு வரவில்லை. தண்ணீர் முழுக்கச் சுலோசனாதான் எடுத்தாள். அதனால் அவள் சொன்னது விளையாட்டுக்கு இல்லை.

“எழுது. வேணாம்னு சொல்லல. பேரு எழுதாதே. தெரு, அப்பா பேரு, ஒண்ணும் வேணாம். குழாயடியில நாலு பேரு முன்னாடி படிச்சாலும் நீ அங்கயே நின்னு கேக்க முடியணும். அந்த மாதிரி இருந்தா எழுது.”

நான் தலையாட்டிவிட்டு ஒரு காகிதத்தைச் சுருட்டி, மடியில் கிடந்த நூல் துண்டால் கட்டினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

“கிளிப்பச்சை நூலு. இந்த வாரம் கிளிப்பச்சை எந்த வூட்டுக்குப் போச்சின்னு ஒரு வார்த்தை கேட்டா, உன் வாசல்ல வந்து நிக்கலாம். பேர மறைச்சிட்டு வூட்ட எழுதி அனுப்பறியே.”

எழுதாமலே எழுதிவிட்டிருக்கிறேன். அன்றிலிருந்து பூக்கட்டுகிற வெள்ளை நூல்தான் எடுத்தேன்.

யார் எது கேட்டாலும் உடனே பதில் போடாதே, ஒரு கூடை போகவிட்டுப் போடு என்றும் சொன்னாள். நாலு சட்டம் சொன்னதாக ஞாபகம். பெயர் வேண்டாம், நிறம் வேண்டாம், அவசரம் வேண்டாம். நாலாவது என்ன என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன், வரவில்லை.

பதினேழு

வந்த காகிதம் இருந்த கட்டையில் சூடுபோட்டிருந்த எண் பதினேழு. என் பதிலை நான் முப்பத்தொன்றில் வைத்து அனுப்பினேன். அதன் விளிம்பில் ஒரு சின்ன உடைசல் உண்டு, தேடாமல் எடுக்கலாம்.

அதுவே எங்களுக்குப் பெயராகிவிட்டது. அவள் பதினேழு. நான் முப்பத்தொன்று.

கூடை திங்கட்கிழமை போய் வியாழக்கிழமை வரும். தூக்கிப்போனவள் பாப்பம்மாக்கா. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். நாங்கள் எல்லோரும் அவளுக்கு ‘அம்மாயி’தான், அவர்கள் பேச்சில் பெண்ணே என்று அர்த்தம், கிழவியைக்கூட அப்படியே கூப்பிடுவாள். ஒவ்வொரு வீட்டுக் கூடைக்கும் ஒரு கலர் துணி முடிந்திருப்பாள். எங்கள் கூடைக்கு நீலம். எந்தத் துணி எந்த வீடு என்பது அவள் தலைக்குள் மட்டும் இருந்தது. பாவு வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அவளுக்குப் படிக்கவும் தெரியாது.

நாங்கள் என்ன பேசினோம்? இப்போது நினைத்தால் ஒன்றுமே இல்லை. தேதி கிழிக்கிற காலண்டர் தாளின் முதுகில், பக்கோடா கட்டி வந்த காகிதத்தின் ஓரத்தில், நாலு வரிக்கு மேல் எழுத இடம் கிடையாது.

அவள் எழுதுவாள்: ‘இன்று அரக்குப் பட்டு. தொட்டால் சுடும்போல இருக்கிறது.’

நான் எழுதுவேன்: ‘எனக்கு மயில்கழுத்து பிடிக்கும். அதைச் சுற்றினால் மழை வருமென்று நினைப்பேன்.’

அவள்: ‘வந்ததா?’

நான்: ‘பக்கத்து ஊரில் வந்தது.’

ஒரு தடவை அவள், கனவில் கட்டைகள் எல்லாம் தானாகவே சுற்றிக்கொண்டு ஆற்றில் மிதந்து போனதாக எழுதியிருந்தாள். பாலாற்றில் தண்ணீரே இல்லாத கோடை அது. அந்தக் காகிதத்தைப் படித்த அன்றைக்கு முழுக்க எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் ஓடுகிற மாதிரியே இருந்தது. அம்மா நாலு தடவை கூப்பிட்டிருக்கிறாள், எனக்குக் கேட்கவில்லை.

வாயால் ஒரு வார்த்தை பேச முடியாதவள், காகிதத்தில் சிரிக்க வைத்தேன். ‘நீ எழுதியதைப் படித்துச் சிரித்து, நூலை அறுத்துவிட்டேன்’ என்று ஒருமுறை எழுதினாள். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

சுலோசனா மட்டும் விடவில்லை. எதிரே இருப்பது பெண்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு கேள்வியும் அவளே எழுதிக் கொடுத்தாள். குஞ்சலம் வைத்து இறுக்கிப் பின்னினால் எங்கே வலிக்கும்?

வியாழக்கிழமை பதில் வந்தது. ‘காதுக்குப் பின்னால். பின்னும்போது வலிக்காது. அவிழ்த்த பிறகுதான்.’

“பொண்ணுதான்” என்றாள் சுலோசனா. கொஞ்சம் யோசித்துவிட்டு, “இல்லன்னா அக்கா தங்கச்சி இருக்கறவன்” என்றாள்.

முடிச்சு

பட்டு அறுந்தால் முடிச்சுப் போட்டு ஒட்ட வேண்டும். எல்லோரும் போடுவது ஒரே முடிச்சுதான் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அப்படியில்லை. நடையைப் பார்த்து ஆளைச் சொல்வதுபோல முடிச்சைத் தொட்டு ஆளைச் சொல்லலாம். பதினேழு காகிதம் கட்டுகிற முடிச்சில் ஒரு வால் குட்டையாக, ஒரு வால் நீளமாக இருக்கும். பல்லால் கடித்து அறுப்பாள்போல, நுனி எப்போதும் பிரிந்திருக்கும். அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பிரிப்பேன்.

ஒரு வியாழக்கிழமை மட்டும் தடவவில்லை. அதற்கு இரண்டு வாரம் முன்னால் வந்த கூடையில் அவள் காகிதம் வரவில்லை. அடுத்த கூடையிலும் வரவில்லை. நான் மட்டும் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன், ‘என்ன ஆச்சு? கோபமா?’ என்று. மூன்றாவது கூடை வந்ததும் பதினேழை எடுத்து, குச்சியால் தள்ளி, நூலை இழுத்து அறுத்து வீசிவிட்டுப் படித்தேன்.

‘உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். எழுத முடியாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் கோவில் நடை சாத்திய பிறகு குளத்து வடக்குக் கரை மண்டபத்துக்குப் பின்னால் வா. தனியாக வா. யாரிடமும் சொல்லாதே. வராவிட்டால் இனிமேல் எழுத மாட்டேன்.’

அதே பென்சில். அதே மாதிரி எழுத்து. பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் படித்தவர்கள் எழுத்து எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், உருண்டை உருண்டையாக.

மறுநாள் வெள்ளிக்கிழமை.

போகத்தான் முடிவு செய்தேன். அவளுக்கு என்னவோ கஷ்டம் என்று என் மனது சொன்னது. போகாவிட்டால் இனி எழுத மாட்டாளாம். அவள் எழுதாவிட்டால் நான் மறுபடியும் குழாயடி ஊமை. என்னிடம் பேச உலகத்தில் ஒரே ஒரு கட்டை இருந்தது, அதுவும் மூடிக்கொள்ளும். சுலோசனாவிடம்கூடச் சொல்லவில்லை.

சாயங்காலம் தரையைக் கூட்டினேன். கழிவு நூலோடு, நான் அறுத்து வீசிய துண்டும் துடைப்பத்தில் சிக்கி வந்தது. குனிந்து எடுத்தேன். விரல் தானாகவே முடிச்சைத் தடவியது.

இரண்டு வாலும் ஒரே நீளம். கத்திரிக்கோலால் நறுக்கென்று வெட்டியிருந்தது.

துடைப்பத்தைப் போட்டுவிட்டு அப்படியே நின்றேன். கண் ஏமாந்ததை விரல் கண்டுபிடித்துவிட்டது. இது அவள் இல்லை.

வாயைத் திறந்த நாள்

சுலோசனா காகிதத்தைப் படித்ததும் கல்கோனாவைத் துப்பினாள்.

“நடை சாத்தின பிறவு அங்க காக்காகூட இருக்குமா? எவனோ பூந்துட்டான். உங்க அம்மாவாண்ட சொல்லு.”

நான் மாட்டேன் என்று தலையாட்டினேன்.

“நீ சொல்லு. நான் சொன்னா நான்தான் கெடுத்தேன்னு ஆகும். எங்க அக்கா மட்டும் முன்னாடியே வூட்ல சொல்லியிருந்தான்னா, குழாயடி வரைக்கும் வந்திருக்காது.”

எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அதுதான் எனக்குச் சுலபம். ஆனால் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

அம்மா அடுப்பின் முன்னால் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் போய் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன். அம்மா என்று ஆரம்பித்தேன். பட்டு தொண்டையில் சிக்கியது. மறுபடியும் ஆரம்பித்தேன். கிளிப்பச்சையிலிருந்து சொன்னேன். பாலாற்றில் மிதந்த கட்டைகளைச் சொன்னேன், குஞ்சலத்தைச் சொன்னேன், முடிச்சைச் சொன்னேன். அதுவரை என் வாழ்நாளில் பேசியதைவிட அன்றைக்கு அரை மணி நேரம் பேசியது அதிகம். கீரை முழுவதையும் காம்போடு சேர்த்து நசுக்கிவிட்டிருந்தேன்.

அடி விழும் என்று முதுகு காத்திருந்தது. கல்யாணத்துக்குப் பார்த்துவிடுவாள், ராட்டையை எடுத்துவிடுவாள் என்றெல்லாம் நினைத்திருந்தேன்.

அம்மா முறத்தைத் தள்ளி வைத்தாள்.

“அந்தப் பொண்ணு எங்க? நல்லா இருக்குதா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு வாரமாக என் காகிதத்தை வேறு யாரோ படித்திருக்கிறார்கள் என்றால் பதினேழு எங்கே? அதை நான் கேட்கவே இல்லை. அம்மாதான் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை

மறுநாள் அம்மா தெருவில் ராட்டை சுற்றுகிற பெண்கள் ஒருத்தியையும் விடாமல் கூப்பிட்டாள். கோவிலுக்குப் போகலாம் வாங்க என்றாள், வேறு ஒன்றும் சொல்லவில்லை. சுலோசனா, நான், இன்னும் ஏழெட்டுப் பேர், எல்லோரும் பாவாடை தாவணியில், எல்லோருக்கும் எண்ணெய் வைத்த தலை. வெள்ளிக்கிழமை என்பதால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

தரிசனம் முடிந்து, நடை சாத்தி, கூட்டம் கலைந்தது. அம்மா எங்களை வடக்குக் கரைக்குக் கூட்டிப்போய்ப் படியில் உட்கார வைத்து, தேங்காய்ச் சில்லைப் பங்கு போட்டாள். வெயில் கல்லின் மேல் கொதித்தது. குளத்துத் தண்ணீர் பச்சையாக, அசையாமல், பரிவட்டத்தில் மாட்டாத பட்டு மாதிரிக் கிடந்தது. யாரோ காலை நனைத்தபோதுதான் அது தண்ணீர் என்று ஞாபகம் வந்தது.

மண்டபத்துத் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆள் வந்தார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. கையில் வாழை இலையில் சுற்றிய பூ. எங்களை எதிர்பார்க்கவில்லை, நின்றுவிட்டார். பிறகு ஒவ்வொருத்தி கையையும் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, கையை. ராட்டை சுற்றுகிறவளுக்கு ஆள்காட்டி விரலில் நூல் அறுத்த கோடு இருக்கும். அங்கே இருந்த அத்தனை விரலிலும் அந்தக் கோடு இருந்தது.

என் கோடு மட்டும் இடது கையில். தாவணிக்குள் கையைச் சுருட்டிக்கொண்டேன். என் நெஞ்சு அடிப்பது குளத்தில் வட்டம் போடும் என்று பயமாக இருந்தது.

அம்மா தேங்காயைக் கடித்தபடியே கேட்டாள்.

“இன்னா மேஸ்திரி, யாரத் தேடறீங்க? சொன்னா நாங்களும் சேந்து தேடுவோமில்ல.”

பாவு வீட்டு மேஸ்திரி. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“யாரும் இல்லீங்க. சும்மா, சாமி கும்பிட வந்தேன்.”

“நடை சாத்திட்டாங்களே.”

அவர் பூவைத் தூண் மேட்டில் வைத்துவிட்டு, வந்த வழியே போனார். முதுகு மறைகிறவரை அம்மா தேங்காயை மென்றுகொண்டே இருந்தாள். எங்களில் யார் முப்பத்தொன்று என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. சுலோசனாவைத் தவிர, கூட வந்த பெண்களுக்கும் தெரியாது.

திங்கட்கிழமை பாப்பம்மாக்கா வந்தபோது அம்மா அவளை உட்கார வைத்து மோர் கொடுத்து விசாரித்தாள். மேஸ்திரி அவளிடமும் கேட்டிருக்கிறார், நீலத் துணிக் கூடை யார் வீடு என்று.

“கூடைக்குத்தான் துணி கட்டறேன், வூட்டுக்குக் கட்டறனான்னு சொல்லிட்டேன் அம்மாயி. நாலு தரம் கேட்டான். நாலு தரமும் அதேதான்.”

அப்போது நினைத்தேன், நான் இத்தனை நாள் பெயரை மறைத்ததும் நூலை மாற்றியதும் இருக்கட்டும், என்னைக் காப்பாற்றியது இவள் வாய் திறக்காததுதான்.

பாப்பம்மாக்கா பாவு வீட்டு அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். மேஸ்திரி கொஞ்ச நாளில் அங்கே இல்லை. எங்கே போனார் என்று நான் கேட்கவில்லை.

இடது கை

பதினேழு ஒரு மாதம் கழித்து வந்தாள். அதாவது காகிதம் வந்தது. பிரிப்பதற்கு முன் எத்தனை தடவை தடவினேன். ஒரு வால் குட்டை, ஒரு வால் நீளம், நுனி பிரிந்திருந்தது.

பொன்னுக்கு வீங்கி வந்து, கழுத்து இரண்டு பக்கமும் வீங்கி, திருப்புட்குழியில் மாமா வீட்டில் போய் இருந்திருக்கிறாள். அவள் இல்லாத நாட்களில் கூடையை இறக்கியது மேஸ்திரி. என் காகிதங்களைப் படித்ததும் அவர்தான். இதெல்லாம் அவளுக்கு வந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. கடைசியாக இப்படி எழுதியிருந்தாள்:

‘நீ இடது கைக்காரி என்று எனக்கு முதல் வாரமே தெரியும். உன் முடிச்சு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். பாவு ஓட்டும்போது என் விரலுக்குள் தினமும் நூறு முடிச்சு போகிறது, உன்னுடையது மட்டும் வேறு. கேட்டால் இடது கைப் பெண் எந்தத் தெரு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. உன்னிடம் சொன்னால்கூட நீ பயந்து எழுதாமல் போய்விடுவாய்.’

சுலோசனாவிடம் காட்டினேன். மடித்து என் கையிலேயே திருப்பி வைத்தாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

அம்மா எழுத வேண்டாம் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. இன்னொரு கை நடுவில் வந்துவிட்ட பாதை, கொஞ்ச நாள் புல் முளைக்கட்டும் என்றாள். நான் அதை எழுதி முப்பத்தொன்றில் வைத்து அனுப்பினேன். அதுவே என் கடைசிக் காகிதம்.

அடுத்த வியாழக்கிழமை பதினேழின் துளையில் காகிதம் இல்லை. ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளை நூல் மட்டும். நடுவில் ஒரு முடிச்சு. தடவிப் பார்த்தேன். எதிர்ப்பக்கம் திரும்பிய முடிச்சு. என் முடிச்சு. இடது கையால் போட்டுப் போட்டுப் பழகியிருக்கிறாள்.

நான் அவளுடைய முடிச்சைப் போட்டு அனுப்பினேன், ஒரு வால் குட்டை, ஒரு வால் நீளம், பல்லால் கடித்து.

அதில் படிக்க ஒன்றும் கிடையாது. எவன் எடுத்தாலும் அது நூல்தான். ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ அப்படியே போயிற்று. பிறகு ஒரு தையில் பதினேழு வெறும் துளையோடு வந்தது. கல்யாணமாகிப் போயிருப்பாள். அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. பெயர் இன்றுவரை தெரியாது.

எனக்குத் தெரியாதவை இதில் நிறைய. கட்டையின் எண் பதினேழா பதினெட்டா என்று நேற்றிலிருந்து சந்தேகமாக இருக்கிறது. மேஸ்திரி கையில் இருந்தது மல்லியா முல்லையா, கூடைத் துணி நீலமா, நாலாவது சட்டம் என்ன, இதையெல்லாம் சுலோசனாதான் பார்த்துச் சரியா என்று சொல்ல வேண்டும். மகள் வீட்டில் இருக்கிறாள், இந்தப் பத்திரிகையை விடாமல் படிக்கிறாள். தப்பு இருந்தால் திட்டி எழுது, சுலோசனா.

அந்த வருஷங்களில் பாவு ஓட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்களும் சரிபார்த்துச் சொல்லுங்கள். அந்தப் பெண் நீங்களாகவே இருந்தால் பெயர் எழுத வேண்டாம், ஊரும் வேண்டாம். பத்திரிகைக்கு ஒரு உறையில் விரல் நீளத்துக்கு நூலில் ஒரு முடிச்சு போட்டு அனுப்புங்கள். கண் மங்கிவிட்டது. விரலுக்கு இன்னும் தெரியும்.